முதல் சாக்லேட்டும் நானூறாவது சாக்லேட்டும்

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மிட்டாய், சாக்லேட் தொழிலில் இறங்கப் போகிறாளாம். எந்த கோர்ஸில் சேரலாம் என்று கேட்டாள். நான் சட்டென்று "வேலையை இப்போ விடாதே" என்று ஆரம்பித்துவிட்டேன். "நீ மட்டும் விட்டுட்டு வந்தியேக்கா" என்றாள். அதோடு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. போனில் சொல்ல வராததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். அவள் படிப்பாள், இதே யோசனையில் இருக்கிற வேறு சிலரும் படிக்கலாம்.

அவள் செய்கிற கேரமல் நிஜமாகவே நன்றாக இருக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் சும்மா கொடுத்த மிட்டாயைச் சாப்பிட்டுவிட்டு "சுமார்தான்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியவர் வேறு ஜாதி. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், மறுபடி வர மாட்டார், அவ்வளவுதான். அவர் மறுபடி வருவதற்குக் காரணம் போன தடவை சாப்பிட்ட அதே ருசியும் அதே கடிபதமும் இந்தத் தடவையும் இருக்கும் என்ற நம்பிக்கை. ஆக, ஒரு நல்ல கேரமல் செய்யத் தெரிந்திருப்பது ஒரு விஷயம். நானூறாவது கேரமலும் முதல் கேரமல் மாதிரியே இருக்கச் செய்வது முற்றிலும் வேறு விஷயம். தொழில் என்று நான் சொல்வது இந்த இரண்டாவதை.

எனக்கு இது புரிந்த விதம் கொஞ்சம் அவமானமானது. தொழில் தொடங்கலாமா என்று நானும் தத்தளித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கேரமலை நான்கு வாரம், வாரம் ஒரு தடவை செய்து பார்த்தேன். அதே பாத்திரம், அதே அடுப்பு, அதே அளவு. முதல் வாரம் பிரமாதம். இரண்டாம் வாரம் பல்லில் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. மூன்றாம் வாரம் வாயில் மணல் மாதிரி நெறுநெறுவென்றது. நான்காம் வாரம் லேசான கசப்பு. நாலில் ஒன்றுதான் விற்கத் தகுந்தது என்றால் அது கைப்பழக்கமே இல்லை, அதிர்ஷ்டம்.

நான் கண்ணால் பார்த்துப் பதம் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று நம்மிடம் பேர் இருக்கிறது, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிற வித்தையும் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், இன்றைக்கும் தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வந்தால் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் பேர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு எளிய கணக்கு. சர்க்கரைப் பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வெளியேறுகிறது. தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே பாகின் சூடு எவ்வளவு என்று தெரிந்தால் உள்ளே தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். 112-இலிருந்து 116 டிகிரி செல்சியஸில் மெத்தென்ற உருண்டை பிடிக்கும், அப்போது பாகில் சர்க்கரை சுமார் 85 சதவீதம். 121-ஐத் தாண்டினால் உருண்டை கெட்டியாகும். 146-க்கு மேல் போனால் ஆறியதும் கண்ணாடி மாதிரி உடையும். தண்ணீர் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மிச்சமிருக்கும். மெல்லுகிற கேரமலுக்கு நான் 118-இல் இறக்குகிறேன். இரண்டு டிகிரி கூடினால் பல்லோடு சண்டை, இரண்டு டிகிரி குறைந்தால் சுற்றிய காகிதத்தோடு சண்டை.

சரி, தெர்மாமீட்டர் வாங்கியாயிற்று, இனி எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் முழுக்க மறுபடி ஏறுக்குமாறாக வந்தது. சர்க்கரை சரியில்லை என்று பிராண்டை மாற்றினேன், வெண்ணெயை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் தெர்மாமீட்டரே மூன்று டிகிரி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும், அதனால் மலைப்பகுதியில் இருப்பவர்கள் எல்லாப் பதத்திலும் அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையே கொதிதண்ணீர் சோதனைதான். அப்புறம் அந்த மணல் விவகாரம்: பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஒரே ஒரு சர்க்கரைப் படிகம் பாகுக்குள் விழுந்தால் போதும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் படிகமாகிவிடும். அதற்குத்தான் ஈர பிரஷால் ஓரத்தைக் கழுவிவிடுவதும், கொதி வந்த பிறகு கிளறாமல் இருப்பதும், குளுக்கோஸ் சிரப் சேர்ப்பதும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுகிற பழக்கமும் இதற்காகத்தான். புளிப்பு சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும், அவை நடுவில் புகுந்து படிகம் சேர விடாது.

இப்போது கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

சான்றிதழ் கட்டாயமா என்றால் அது எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் இது முறையான கைத்தொழில்; கோண்டிட்டோர் என்று பேர். மூன்று வருடம் ஒரு கடையில் வேலை பழகிக்கொண்டே பள்ளிக்கும் போக வேண்டும். சொந்தமாகக் கடை வைக்கப் பொதுவாக அதற்கு மேல் மைஸ்டர் என்கிற தேர்ந்த கைவினைஞர் தேர்வும் தேறியிருக்க வேண்டும். பிரான்ஸில் சாக்லேட்டுக்கும் சர்க்கரை மிட்டாய்க்கும் என்றே பேஸ்ட்ரி படிப்பிலிருந்து தனியாக ஒரு தொழிற்சான்றிதழ் உண்டு. ஜப்பானில் 1966-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றின்படி இனிப்புத் தயாரிப்பாளருக்கான சுகாதாரத் தேர்வு இருக்கிறது. அது இல்லாமலும் தொழில் செய்யலாம், ஆனால் அந்தப் பட்டத்தைப் பேருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியாது. இன்னும் பல நாடுகளில் உங்களுக்கு மிட்டாய் செய்யத் தெரியுமா என்று யாருமே கேட்க மாட்டார்கள். இடத்தைப் பதிவு செய்தீர்களா, உணவுச் சுகாதாரப் பயிற்சி எடுத்தீர்களா, தண்ணீர் நல்ல தண்ணீரா என்றுதான் கேட்பார்கள்.

அதனால் என் சித்தி மகள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படிப்பில் என் கை எத்தனை தடவை பாகில் படும்? அதைக் கேட்க வேண்டும். நான் முதலில் சேர்ந்த குறுகிய கால வகுப்பில் முன்னால் நின்று ஒருவர் செய்வார், நாங்கள் இருபது பேர் செல்போனில் படம் எடுப்போம். அழகான சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஒரு அடுப்புக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், ஐந்து கிலோ அளவில் செய்யவைப்பார்களா என்று கேளுங்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையும் விலைக் கணக்கையும் பாடத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சர்க்கரையில் ரோஜாப்பூ செய்யச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு உற்பத்திக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன், பதினான்கு மாதம் இருந்தேன். நான் இன்றைக்கு எதைச் சம்பாதிக்கிறேனோ அதெல்லாம் அந்தப் பதினான்கு மாதத்தின் வட்டி. முதல் மூன்று மாதம் அச்சு கழுவியதுதான் வேலை. பாலிகார்பனேட் அச்சில் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில் சாக்லேட் மங்கிப்போய் வரும். வெந்நீரில் அலசி, துளி ஈரமில்லாமல் காயவைத்து, ஒவ்வொரு குழியாகப் பஞ்சை வைத்துத் துடைக்க வேண்டும். நாளைக்கு இருநூறு அச்சு. படித்துவிட்டு வந்து பஞ்சை வைத்துத் துடைக்கிறேனே என்று அழுகை வந்த நாளெல்லாம் உண்டு. ஆனால் மூன்றாவது மாதத்தில் சாக்லேட்டின் மினுமினுப்பைப் பார்த்தே கோளாறு அச்சிலா, டெம்பரிங் என்கிற சூடாக்கி ஆறவைக்கும் பக்குவத்திலா, அறையின் சூட்டிலா என்று எனக்குச் சொல்ல வந்துவிட்டது.

அங்கிருந்த மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். அவர் போட்டிருந்த ஒரே சட்டம், கெட்டுப்போன சரக்கைக் காரணம் தெரியாமல் குப்பையில் போடக்கூடாது. ஒரு நாள் ஒரு தட்டு முழுக்கச் சாக்லேட் சாம்பல் பூத்துக் கிடந்தது. நான் அவசரமாக எடுத்து ஒளிக்கப் பார்த்தேன். "எங்கே தூக்கிட்டுப் போறே? வெட்டிப் பாரு. தொட்டுப் பாரு. விரல்ல கொழகொழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?" என்றார். வழவழவென்று எண்ணெய்ப் பசையாக இருந்தது. "அப்போ கொழுப்பு பூத்திருக்கு. சொரசொரன்னு இருந்தா ஈரம் பட்டு சர்க்கரை பூத்ததுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் மருந்து வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் சாக்லேட்டில் பாதி தொழில் இதுதான். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வடிவம் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. அது சுமார் 34 டிகிரியில் உருகும், அதாவது உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. மேசைமேல் கெட்டியாக நின்று வாயில் போட்டதும் கரைகிறதே, அந்த மாயமெல்லாம் இதனால்தான். டெம்பரிங் என்பது மற்ற படிகங்களை ஒழித்துவிட்டு இதை மட்டும் வளர்க்கிற வேலை. டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 வரை சூடாக்கிப் பழைய படிகத்தையெல்லாம் கரைத்துவிட்டு, 27 அல்லது 28-க்கு ஆறவைத்து, மறுபடி 31 அல்லது 32-க்கு ஏற்ற வேண்டும். பால் சாக்லேட் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கீழே, வெள்ளை அதற்கும் கீழே. சரியாக வந்ததா என்று பார்க்க, கத்தி முனையைத் தோய்த்து வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்போடு உறைய வேண்டும். சரியாக உறைந்த சாக்லேட் கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் தானாக விழுகிறது. விழாத சாக்லேட்டைக் கத்தியால் நெம்பாதீர்கள், அது உங்கள் தப்பைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்சையும் கீறிவிடுவீர்கள்.

தண்ணீர் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உருகிய சாக்லேட்டில் ஒரு சிறு கரண்டி தண்ணீர், ஏன், பக்கத்து அடுப்பின் நீராவி இறங்கினால்கூடப் போதும். சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தச் சட்டியும் களிமண்ணாகிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, எட்டு கிலோ சட்டிக்கு முன்னால் நின்று தெரிந்துகொள்வது வேறு. நான் இரண்டாவது வழியில் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் செய்கிறவருக்கும் தொழில் செய்கிறவருக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று கேட்டால், நான் ருசியைச் சொல்ல மாட்டேன். "இது எத்தனை நாள் இருக்கும்?" என்ற கேள்வியைச் சொல்வேன். வீட்டில் அதற்கு அவசியமே இல்லை, மறுநாளே காலியாகிவிடும். விற்கிறபோது பெட்டியில் தேதி போட வேண்டும், அந்தத் தேதிக்கு நாம் பொறுப்பு. இங்கே வாட்டர் ஆக்டிவிட்டி என்ற அளவு வருகிறது. ஒரு பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை விட, கிருமிகள் பயன்படுத்திக்கொள்ளும்படி எவ்வளவு சும்மா கிடக்கிறது என்பதுதான் முக்கியம். சுத்தத் தண்ணீருக்கு இது 1. 0.6-க்குக் கீழே எந்தக் கிருமியும் பூஞ்சையும் வளராது. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்க 0.85 என்பதைத் தொழிலில் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். கெட்டி மிட்டாய் மிகக் கீழே நிற்கும், அது ஈரம் படாத வரை மாதக்கணக்கில் இருக்கும். க்ரீமும் சாக்லேட்டும் கலந்த கனாஷ் இருக்கிறதே, அது அந்த எல்லையை ஒட்டியே நடமாடுகிற ஆள். க்ரீம் கொஞ்சம் கூடினால் எல்லைக்கு மேலே போய்விடும். இதற்காகத்தான் தொழில்முறைச் செய்முறைகளில் குளுக்கோஸ் சிரப்பும், இன்வர்ட் சர்க்கரையும் (குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்த சர்க்கரை) இருக்கின்றன. இனிப்புக்காக மட்டும் என்று நினைத்து நான் முதலில் அவற்றைக் குறைத்துவிட்டேன். மூன்றாம் வாரம், நான் எடுத்து வைத்திருந்த மாதிரியை வெட்டிப் பார்த்தபோது உள்ளே மெல்லிய பச்சை. நல்லவேளை, விற்கத் தொடங்கியிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் நான்கு துண்டு எடுத்துத் தேதி எழுதி வைக்கிறேன், வாரம் ஒன்றாக வெட்டிப் பார்க்கிறேன். ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது, ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும், ஆபத்தான பாக்டீரியா தெரியாது. க்ரீம், வெண்ணெய், பழக்கூழ் சேர்கிற ஒவ்வொரு சரக்கையும் விற்பதற்கு முன்னால் ஒரு தடவை ஆய்வகத்தில் கொடுத்து வாட்டர் ஆக்டிவிட்டி பார்த்துவிடுங்கள். கருவியைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. செய்முறையை மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உணவுப் பாதுகாப்புக் காகிதங்களைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹாசப் என்ற பேரைக் கேட்டதும் முகம் வெளிறிவிடும். அது 1960-களில் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய முறை. விண்வெளியில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், முறையின் தத்துவம் புரிந்துவிடும். செய்து முடித்த பிறகு சோதிப்பதை விட, எந்தெந்தப் படியில் தப்பு நடக்கலாம் என்று முன்னாலேயே பார்த்து, அந்தப் படியில் காவல் வைப்பது. சின்ன மிட்டாய்க் கூடத்துக்கு இது இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். க்ரீம் வந்த சூடு என்ன, கொதித்த சூடு என்ன, யார் பார்த்தார்கள், எந்த ஈட்டு எண், யாருக்குப் போனது. எழுதி வைத்திருந்தால், என்றாவது ஒரு பெட்டியில் கோளாறு என்று போன் வரும்போது இருபது பெட்டியைத் திரும்ப வாங்கினால் போதும். எழுதாவிட்டால் அந்த மாதம் விற்ற எல்லாவற்றையும் வாங்க வேண்டும்.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் எள் சேர்ந்ததோடு 9. நம் தொழிலில் பால், கொட்டைகள், நிலக்கடலை, முட்டை, சோயா லெசித்தின் என்று அந்தப் பட்டியலில் பாதி தினமும் மேசைமேல் கிடக்கிறது. ஒரே மேசை, ஒரே கத்தி, ஒரே சட்டி வைத்துக்கொண்டு "இதில் கொட்டை இல்லை" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் முதல் வருடம் கொட்டைகளைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை. நிறைய ஆர்டர் போயிற்று. ஒரு கடைக்காரர் "நட்ஸ் இல்லாம சாக்லேட் கடையா" என்று சிரித்தார். போகட்டும். வண்ணங்களிலும் இதே கவனம் வேண்டும்: சாக்லேட்டுக்கு மேலே தெளிக்கிற வெள்ளை நிறத்தில் பல காலமாக இருந்த டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவிலிருந்து தடை செய்துவிட்டது, வேறு சில நாடுகளில் இன்னும் அனுமதி இருக்கிறது. புட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கினால் எல்லை தாண்டி விற்கும்போது மாட்டிக்கொள்வோம்.

இடம் பார்க்கிறபோது ஒரே ஒரு அறிவுரை. சுவரை இடிப்பதற்கு முன்னால், கையால் வரைந்த ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பாருங்கள். கை கழுவத் தனித் தொட்டி எங்கே, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சரக்கு எங்கே இறங்குகிறது என்று அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நான் தொட்டியைக் கட்டி முடித்த பிறகு போனேன். அதை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டினேன். வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கப் பல இடங்களில் அனுமதி உண்டு, ஆனால் எந்தெந்தப் பண்டத்துக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டி மிட்டாய்க்குச் சரி என்பவர்கள் க்ரீம் சேர்த்ததற்குச் சம்மதிக்காமல் போகலாம்.

கருவியில் எல்லாரும் தப்பான இடத்தில் காசைப் போடுகிறோம். நான் முதலில் வாங்கியது சாக்லேட் பூசும் இயந்திரம், அதுவும் பழையது. ஒரு வருடம் துணி போர்த்திக் கிடந்தது, அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தோம். முதலில் வாங்கியிருக்க வேண்டியது ஏசியும் ஈரம் உறிஞ்சும் கருவியும். அறை 18-இலிருந்து 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே. இது இரண்டும் இருந்தால் ஒரு கருங்கல் பலகையும் இரண்டு சுரண்டியும் வைத்துக்கொண்டே நாளைக்கு முந்நூறு சாக்லேட் செய்யலாம். இது இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. கெட்டி மிட்டாய் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், சாக்லேட் மங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் போயிற்று என்பவர்களுக்கு: வெளியே எடுத்ததும் மேலே பனி படியும், அது காய்ந்ததும் சர்க்கரை பூக்கும்.

விலைக் கணக்கு. இங்கேதான் நல்ல கைக்காரர்கள் பலர் காணாமல் போகிறார்கள். ஒரு ஈட்டில் நூறு சாக்லேட் வரும் என்று செய்முறையில் எழுதியிருக்கும். ஆறு உடைந்தோ கீறியோ போகும். இரண்டை ருசி பார்ப்போம். நான்கை மாதிரிக்கு எடுத்து வைப்போம். விற்பதற்கு மிஞ்சுவது எண்பத்தெட்டு. ஆனால் எல்லாரும் செலவை நூறால்தான் வகுக்கிறார்கள். அப்புறம் நேரம். ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். எனக்குச் செய்வதற்கு ஆன நேரத்தை விட, பெட்டி மடித்து, உள்தாள் வைத்து, ரிப்பன் கட்டி, லேபிள் ஒட்ட ஆன நேரம் அதிகம். என் கூலியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, நம்ம கைதானே என்று. ஆறாவது மாதம் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்தபோதுதான் தெரிந்தது, அவளுக்குச் சம்பளம் கொடுத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் நான் கைக்காசு போட வேண்டியிருக்கிறது என்று. வேறு கடைகளில் வைத்து விற்பதாக இருந்தால் அவர்கள் பங்கையும் முதலிலேயே விலையில் சேர்த்திருக்க வேண்டும், நடுவில் ஏற்ற முடியாது. 2024-இல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் படுத்து, உலகச் சந்தையில் கோகோ முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனபோது, விலையை மூச்சுவிட இடமில்லாமல் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல, அந்த வருடம் ஜெல்லியும் கேரமலும் அதிகம் போயிற்று.

வகை விஷயத்திலும் பேராசை கூடாது. திறக்கும்போது இருபத்திரண்டு வகை வைத்திருந்தேன். இருபத்திரண்டு லேபிள், இருபத்திரண்டு தேதி, எதிலும் பாதி மிச்சம். இப்போது ஏழு. சித்தி மகள் நான்கோடு தொடங்கினால் நல்லது: ஒன்று சாக்லேட், ஒன்று கேரமல், வெயிலைத் தாங்குகிற ஜெல்லி ஒன்று, நாள் தாங்குகிற கெட்டி மிட்டாய் ஒன்று. கோடையில் கூரியரில் சாக்லேட் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். பதினொரு பெட்டிக்குப் பணம் திருப்பிக் கொடுத்தேன்.

சொந்தக்காரர்களுக்குத் தள்ளுபடி கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம், ஆனால் குடும்பத்தில் பலர் இதைப் படிக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து செய்தி வந்தது. கோபம் தணிந்திருக்க வேண்டும். அந்த நாலு வாரச் சோதனையைப் பற்றி எப்போதோ ஒரு தடவை நான் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இரண்டு வாரமாகச் செய்து பார்க்கிறாளாம். முதல் ஈடு இளகிவிட்டது, காகிதத்தை விட்டு வரவே இல்லை; இரண்டாவது அதை விட மோசம். 118-இல்தான் இறக்கினாளாம். தெர்மாமீட்டரைக் கொதிதண்ணீரில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். கால் மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு படம் மட்டும் வந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் 104-இல் நிற்கிறது.